விடுவதா, வடிப்பதா: பொட்டாசியம் ஏறிய வீட்டில் கீரை

எங்கள் அம்மாவுக்கு இன்றும் குக்கர் சோறு ஆகாது. உலை வைத்து, அரிசி வெந்ததும் கஞ்சி வடித்தால்தான் அவருக்கு அது சோறு. அதே அம்மா கீரை வெந்த தண்ணீரை ஒரு சொட்டுகூடக் கீழே ஊற்ற விடமாட்டார். "சத்தெல்லாம் தண்ணியிலதான்டா இருக்கு" என்பார். கடைந்த கீரை இறுகிப்போனால் அந்தத் தண்ணீரைத்தான் விட்டுத் தளர்த்துவார். மிஞ்சினால் மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, டம்ளரில் ஊற்றி யார் கையிலாவது திணித்துவிடுவார்.

அம்மா சொல்வதில் தப்பே இல்லை. சத்து தண்ணீரில்தான் இருக்கிறது. அந்தச் சத்துகளில் ஒன்று பொட்டாசியம். அப்பாவின் சிறுநீரகம் அதை வெளியே தள்ளத் திணறுகிறது என்று தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டில் இந்தத் தண்ணீர்ப் பஞ்சாயத்தே தொடங்கியது.

அப்பாவுக்கு 69 வயது. இருபது வருடச் சர்க்கரை, சிறுநீரகம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 2.6, சிறுநீரக நோயில் நான்காம் கட்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு முறை பரிசோதனையில் பொட்டாசியம் 5.8 என்று வந்தது. 3.5 முதல் 5 வரை இருந்தால் சரி. 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறலாம், அதுவும் முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாமல். அன்று சாயங்காலமே அம்மா கூடையிலிருந்த அரைக்கீரைக் கட்டை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். திருச்சி தென்னூர் உழவர் சந்தையில் வாரம் நாலு நாள் கீரை வாங்குகிற வீடு எங்களுடையது. அடுத்த வாரம் கீரைக்கார அக்கா என்னைப் பார்த்து, "ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்கிற அளவுக்கு அது பெரிய மாற்றம்.

அதற்கப்புறம் சில மாதங்கள் உணவுச் சத்து அட்டவணைகளைப் புரட்டியும், டயட்டீஷியனிடம் கேட்டும், சமையல் தராசில் கீரையை நிறுத்துப் பார்த்தும் எனக்குப் புரிந்தது இது: இந்த நிலைமையில் ஒரு வீட்டுக்கு நாலு வழி இருக்கிறது. கீரையை அடியோடு விடலாம். பொட்டாசியம் குறைந்த கீரையாகப் பார்த்து வாங்கலாம். எந்தக் கீரையானாலும் வேகவைத்து வடித்துவிடலாம். அல்லது வடிக்காமலே ஒரு சிட்டிகை அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். நாலையும் நாங்கள் செய்து பார்த்தோம். நான் எழுதுவது சமையல்கட்டுக் கணக்கு. மாத்திரையையும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு பொட்டாசியம் என்பதையும் அவரவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அடியோடு விடுவது

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, அதுதான் இதன் ஒரே வசதி. எண் 6ஐ நெருங்கிவிட்டது, டாக்டர் பொட்டாசியத்தை இறக்கும் பொடி மருந்தெல்லாம் எழுதிவிட்டார் என்றால், அது இறங்கும் வரை கீரை இல்லாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம். இரண்டு வாரம் கீரை சாப்பிடாததால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

ஆனால் இரண்டு வாரம் இரண்டு மாதமாகும்போதுதான் வம்பு. முதலாவது, கீரை போன இடம் காலியாக இருக்காது. எங்கள் வீட்டில் அங்கே வாழைக்காய் வறுவல் வந்து உட்கார்ந்தது. அப்பாவுக்குப் பிடிக்கும், செய்வதும் சுலபம். 100 கிராம் வாழைக்காயில் பொட்டாசியம் 500 மில்லிகிராமுக்குப் பக்கம். உருளைக்கிழங்கில் 420 போல. கீரைக்குப் பயந்து கீரைக்குச் சமமான ஒன்றை, அதுவும் எண்ணெயில் வதக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் வடிக்காமல், மூன்று வாரம் போட்டிருக்கிறோம். கீரை பச்சையாகத் தெரிவதால் அதன் மேல் எல்லோருக்கும் கண். வாழைக்காயை யாரும் சந்தேகப்படுவதில்லை.

இரண்டாவது, மலச்சிக்கல். இதை வெளியே பேசக் கூச்சப்படுவோம், ஆனால் விஷயம் இங்கேதான் இருக்கிறது. சிறுநீரகம் தளரும்போது பொட்டாசியத்தை வெளியேற்றும் வேலையில் பெருங்குடல் கூடுதல் பங்கை எடுத்துக்கொள்கிறது. வயிறு சரியாகப் போகாதவருக்கு அந்தக் கதவும் பாதி மூடிக்கொள்ளும். கீரையையும் காயையும் நிறுத்தி நார்ச்சத்தைக் குறைத்தால் உள்ளே வருவது குறைகிறது, வெளியே போவதும் குறைகிறது.

மூன்றாவது, எண் ஏறியதற்குக் கீரைதான் காரணமா என்பதே உறுதியில்லை. அப்பா ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் போடுகிறார். அந்த வகை மாத்திரைகள் பொட்டாசியத்தைக் கொஞ்சம் ஏற்றும், அவற்றால் சிறுநீரகத்துக்கு நன்மையும் உண்டு என்பதால் டாக்டர்கள் லேசில் நிறுத்தமாட்டார்கள். முட்டிவலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரை ஏற்றும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை ஏற்றும். ரத்தத்தில் அமிலம் கூடினாலும் ஏறும். அப்புறம், ரத்தம் எடுத்த விதம். முதல் தடவை ஒரு பரிசோதனை நிலையத்தில் நரம்பு கிடைக்காமல், கையில் பட்டையை இறுக்கிக் கட்டி, "கையை மூடி மூடித் திறங்க ஐயா" என்று பத்துத் தடவை சொல்லி எடுத்தார்கள். அப்படிச் செய்தாலே தசையிலிருந்து பொட்டாசியம் வெளியே வந்து எண் கூடுதலாகக் காட்டும். நாலு நாள் கழித்து வேறு இடத்தில் எடுத்தபோது 5.3. அதுவும் அதிகம்தான், சரி. ஆனால் 5.8 தந்த பயம் வேறு, 5.3 தரும் கவனம் வேறு.

ரத்தத்தில் எண் சரியாக இருக்கும்போதே, "கிட்னி பிரச்சினை" என்று கேட்டவுடன் கீரையை நிறுத்துகிறவர்களும் உண்டு. அது தேவையில்லாதது. 2020இல் வந்த அமெரிக்கச் சிறுநீரக ஊட்டச்சத்து வழிகாட்டி நெறிமுறை, எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு என்று எதையும் வைக்கவில்லை. ரத்தத்தில் அளவு சரியாக நிற்கும்படி உணவைக் கூட்டிக் குறைத்துக்கொள் என்றுதான் சொல்கிறது. 2013இல் டெக்சஸில் நான்காம் கட்ட நோயாளிகள் 71 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ரத்த அமிலத்தைக் குறைக்க ஒரு பகுதியினருக்குச் சோடா மாத்திரையும், இன்னொரு பகுதியினருக்குப் பழமும் காய்கறியும் ஒரு வருடம் கொடுத்தார்கள். இரண்டிலும் பலன் இருந்தது, காய் சாப்பிட்டவர்களுக்குப் பொட்டாசியமும் ஏறவில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு நாளையே முருங்கையை ஒடிக்கக் கிளம்ப வேண்டாம். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் ஏற்கெனவே பொட்டாசியம் 4.6க்கு மேல் போகாதவர்கள். என் அப்பாவை அவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

குறைந்த கீரையாகப் பார்த்து வாங்குவது

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "எந்தக் கீரை சாப்பிடலாம்?" நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன், அங்கேதான் அதிகம் குழம்பினேன்.

அட்டவணைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராம் பாலக்கில் பொட்டாசியம் 206 மில்லிகிராம். அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் 600ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்க அட்டவணையில் 558. வெந்தயக்கீரைக்குப் பழையதில் வெறும் 31, புதியதில் 200க்கு மேல். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் கொடுக்கும் உணவுத் தாள்களில் பல இன்னும் பழைய எண்களை வைத்துத்தான் ஓடுகின்றன. அதனால்தான் ஒரு தாளில் பாலக் "மிதமாகச் சாப்பிடலாம்" பகுதியிலும், இன்னொரு தாளில் "தொடவே கூடாது" பகுதியிலும் இருக்கிறது. இரண்டு டயட்டீஷியன்கள் இரண்டு விதமாகச் சொன்னால் யாரோ ஒருவர் படிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் கையில் இருக்கும் தாள் வேறு.

பெயர்க் குழப்பம் தனி. தாளில் "பசலைக்கீரை" என்று அச்சிட்டிருப்பார்கள், அவர்கள் மனதில் இருப்பது பாலக். சந்தையில் பசலை என்று கேட்டால் கொடிப்பசலையைத் தருவார்கள். இரண்டும் வேறு வேறு செடி.

சரி, இத்தனை குழப்பத்துக்கு நடுவிலும் ஓரளவு நம்பத்தக்க வரிசை ஒன்று உண்டு. பாலக்கும் தண்டுக்கீரைக் குடும்பமும், அதாவது அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை எல்லாம், மேல்தட்டு. 100 கிராமுக்கு 550 முதல் 650 என்று வைத்துக்கொள்ளலாம். முருங்கைக்கீரை நடுவில், 340 முதல் 400. வெந்தயக்கீரை அதற்கும் கீழே. கடைசியில் முட்டைக்கோஸ், 170 முதல் 220. பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, வல்லாரை என்று மற்றவை வந்தால் நான் எதையும் தேடுவதில்லை. 500க்கு மேல் என்றே வைத்துக்கொண்டு நடத்துகிறேன். அதிகமாக மதிப்பிட்டு ஏமாந்தால் நஷ்டமில்லை.

எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் வெந்தயக்கீரையும் முட்டைக்கோஸும் ஜெயித்துவிட்டன, கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். நடைமுறையில் அப்படி இல்லை. வெந்தயக்கீரையை அப்பா வாரம் ஒரு நாள் சாப்பிட்டார், இரண்டாம் நாள் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். முட்டைக்கோஸும் இலைதானே என்று நான் சொன்னபோது அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. "கோஸ் கீரையாகுமா?" ஆகாதுதான். கீரை வேண்டும் என்று ஏங்குகிறவருக்குக் கோஸைக் கொடுப்பது, காபி கேட்டவருக்கு வெந்நீர் கொடுப்பது மாதிரி.

இன்னொரு பெரிய பொறி, பச்சைக்கும் வெந்ததற்கும் உள்ள வித்தியாசம். இணையத்தில் பார்க்கும் பல பட்டியல்கள் கப் கணக்கில் பேசும். ஒரு கப் பச்சைப் பாலக் என்பது வெறும் 30 கிராம், அதில் பொட்டாசியம் 167. ஒரு கப் வெந்த பாலக் என்பது 180 கிராம், அதில் 839. கீரை, கப் என்ற இரண்டு வார்த்தையும் மாறவில்லை, எண் மட்டும் ஐந்து மடங்கு. சாலட் தின்னும் ஊருக்காக எழுதிய "பாலக் பரவாயில்லை" என்ற வரியை நம்பி நாம் மசியலைக் குழிக்கரண்டியால் எடுத்துப் போட்டுக்கொண்டால் கதை முடிந்தது. நாம் யாரும் பச்சைக் கீரை தின்பதில்லை. ஒரு கட்டு வெந்தால் உள்ளங்கையில் அடங்கிவிடும். அதனால் அளப்பதை நான் பச்சையிலேயே செய்துவிடுகிறேன். வேரும் முற்றிய தண்டும் போக ஆய்ந்த கீரையை நிறுப்பது. எங்கள் சந்தையில் வாங்கும் சிறுகீரைக் கட்டு ஒன்று 260 கிராம் இருந்தது, ஆய்ந்த பிறகு 150. அப்பாவின் பங்கு அதில் பாதி.

வடித்துவிடுவது

எனக்கு நம்பிக்கை வந்தது இந்த வழியில்தான். வகையை நம்பினால் அட்டவணையை நம்ப வேண்டும், அட்டவணையின் லட்சணத்தை மேலே பார்த்தோம். வடிப்பதற்கு எந்த அட்டவணையும் வேண்டாம். எந்தக் கீரையில் எவ்வளவு இருந்தாலும் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும்.

காரணம் எளிது. பொட்டாசியம் இலைக்குள் எதோடும் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. செல்லுக்குள் இருக்கும் சாற்றில் உப்பு மாதிரி கரைந்து கிடக்கிறது. சூடு பட்டதும் செல்லின் சவ்வு கிழிந்து, அது வெளியே உள்ள தண்ணீருக்கு வந்துவிடும். வெளியே தண்ணீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு அதிகமாக வரும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து மூடி வேகவைத்தால் போக இடமில்லை, வந்தது அங்கேயே நிற்கும், கடையும்போது திரும்பக் கீரையோடு சேர்ந்துவிடும். குக்கரும் ஆவியில் வேகவைப்பதும் இதே கதைதான்.

பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். ராத்திரி முழுக்க ஊறவைக்கும் வீடுகளும் உண்டு. சவ்வு முழுசாக இருக்கும்போது வெளியே வருவது சொற்பம். 2008இல் அமெரிக்காவில் உருளைக்கிழங்கை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இதைத் தெளிவாகவே காட்டியது. துண்டு போட்டுக் கொதிக்கவைத்தபோது பொட்டாசியம் பாதி குறைந்தது, துருவிக் கொதிக்கவைத்தபோது முக்கால் பங்கு குறைந்தது, ஊறவைத்ததில் மட்டும் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. துருவலில் கூடுதலாகப் போனதைப் பாருங்கள். பொடியாக நறுக்குவதற்கு அர்த்தம் அதுதான்.

அம்மா இப்போது செய்வது இப்படி. கீரையை அலசிய பிறகு பொடியாக நறுக்குகிறார். சோறு வடிக்கிற அதே பெரிய பாத்திரத்தில் ஒன்றேகால் லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் கீரையைப் போடுகிறார். மூடி கிடையாது. பத்து நிமிடத்தில் தண்ணீர் கரும்பச்சையாக மாறும். வடிதட்டில் கொட்டி, கரண்டியின் முதுகால் ஒரு அழுத்து. இந்த அழுத்தை மறக்கக் கூடாது, இலைக்கு நடுவே தேங்கியிருக்கும் தண்ணீரிலும் பொட்டாசியம் உண்டு. பிறகு மண்சட்டிக்கு மாற்றி, நாலு பல் பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கிப் போட்டு மத்தால் கடைகிறார். கடுகும் காய்ந்த மிளகாயும் தாளிப்பு. கடையும்போது இறுகுமே, அதற்கு என்ன செய்வது? அம்மாவே கண்டுபிடித்தார். பக்கத்து அடுப்பில் வடித்த சோற்றுக் கஞ்சியில் ஒரு கரண்டி. அரிசியில் பொட்டாசியம் குறைவு, கஞ்சியில் அதைவிடக் குறைவு, கீரைக்கு ஒரு கொழகொழப்பும் வந்துவிடுகிறது. பழைய ருசியில் முக்கால் பங்கு இருக்கிறது என்பது அப்பாவின் தீர்ப்பு. அந்தக் கால் பங்குக்காக அவர் இன்னும் முனகுவதுண்டு.

எவ்வளவு குறையும்? கீரை, நறுக்கு, தண்ணீர் மூன்றையும் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேலும் போகலாம். நான் குறைந்த எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். 75 கிராம் ஆய்ந்த சிறுகீரையில் 450 என்று வைத்தால், வடித்த பின் 300. அப்பாவுக்கு டயட்டீஷியன் கொடுத்த கணக்கு நாளொன்றுக்கு 2000. ஒரு சின்னக் கிண்ணம் கீரை அதற்குள் தாராளமாக அடங்கும், அன்றைக்கு வேறு எதையும் அள்ளிக்கொண்டு வராமல் இருந்தால்.

அந்த "வேறு எதையும்" என்பதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். கஷ்டப்பட்டு 150 மில்லிகிராமை வடித்து ஊற்றிவிட்டு, கூட்டுக்கு ஒரு கைப்பிடி துவரம்பருப்பு போடுவார்கள். 30 கிராம் பருப்பில் 400. ஒரு நடுத்தரத் தக்காளியில் 250க்கு மேல். புளியிலும் தேங்காயிலும் அவரவர் பங்குக்கு உண்டு. ஆகவே எங்கள் வீட்டில் கீரை நாளில் சாம்பார் கிடையாது. கீரைக்குள்ளும் பருப்பு, தக்காளி, புளி மூன்றும் கிடையாது. புளிப்பு வேண்டுமென்றால் இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை.

வடிப்பதில் நஷ்டமும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. வைட்டமின் சி, ஃபோலேட் மாதிரி தண்ணீரில் கரைபவை பொட்டாசியத்தோடு கைகோத்துப் போய்விடும். நார்ச்சத்து இருக்கும். கால்சியமும் இரும்பும் பெரும்பாலும் இருக்கும். எதிர்பாராத லாபம் ஒன்று, பாலக்கிலும் தண்டுக்கீரை வகையிலும் நிறைய இருக்கும் ஆக்சலேட்டில் ஒரு பகுதியும் வடிந்து போகிறது. கல் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது நல்லது.

வடித்தாலும் போகாதது வைட்டமின் கே. ரிப்போர்ட்டில் பொட்டாசியத்துக்கு 'கே' என்ற எழுத்தைப் போடுவதால் இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய. அந்த எழுத்து 'காலியம்' என்ற லத்தீன் பெயரிலிருந்து வந்தது, வைட்டமினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ போடுகிறவர்களுக்குக் கீரையின் அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கக் கூடாது. வடித்த கீரை, வடிக்காத கீரை என்ற பேதம் அங்கே செல்லாது. சாப்பிட ஆரம்பிக்கும் முன்பும் நிறுத்தும் முன்பும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சிட்டிகை அளவு

சில கீரைகளை வடிக்க மனசு வராது. முருங்கைக்கீரை அப்படி. வெந்நீரில் போட்டு வடித்தால் அந்த மணம் போய், ஈரக் காகிதம் மாதிரி ஆகிவிடும். அதற்கு நாங்கள் கண்ட வழி, அடையில் தூவுவது. ஓர் அடைக்கு பத்து கிராம் இலை போதும், 40 மில்லிகிராம்கூட வராது. ஆனால் அடையிலேயே பருப்பு இருக்கிறது, அதனால் ஒன்றோடு நிறுத்த வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அரிசி கூட்டி, பருப்பைக் குறைத்து அரைக்கிறார்கள். கொத்தமல்லியும் அப்படியே. 100 கிராமில் 500க்கு மேல் என்று பார்த்துப் பயந்து, ரசத்தில் மிதக்கும் நாலு இலையைப் பொறுக்கி வெளியே போடும் வீட்டை நான் பார்த்திருக்கிறேன். நாலு இலை எத்தனை கிராம்? கொத்தமல்லிச் சட்னி வேறு, ரசத்தின் மேல் மல்லி வேறு.

பெரும்பாலானவர்களுக்கு இந்த வழி தனியாகப் போதாது, கீரை சாப்பிட்ட திருப்தி வராது. மற்ற மூன்றோடு சேர்த்து வைத்துக்கொள்ள நல்லது.

நல்லது என்று சொல்லி வீட்டுக்குள் வருபவை

இவற்றை நான் வழி என்றே எண்ணவில்லை, ஆனால் பார்க்க வருகிறவர்கள் கையோடு கொண்டுவருவது இவற்றைத்தான். கீரை சூப், வடித்து எறிய வேண்டியதை மட்டும் தனியாக எடுத்துக் குடிப்பது. காலையில் வெறும் வயிற்றில் பச்சைக் கீரைச் சாறு அதைவிட மோசம், பொட்டாசியமும் ஆக்சலேட்டும் ஒரே மடக்கில். முருங்கை இலைப் பொடியில் தண்ணீர் மட்டும்தான் காய்ந்து போயிருக்கிறது. பச்சை இலையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால் எடைக்கு எடை பொடியில் எல்லாமே ஏறக்குறைய நாலு மடங்கு. மூக்கிரட்டைக் கஷாயம் சிறுநீரகத்துக்கு நல்லது என்று உறவுக்காரர் ஒருவர் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். அந்தச் செடியிலேயே பொட்டாசியம் நைட்ரேட் இருக்கிறது என்று சொன்னபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பாவம், அவர் அன்பாகத்தான் கொண்டுவந்தார்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தருவது "சோடியம் குறைந்த உப்பு". பிரஷருக்கு நல்லது என்று வாங்குகிறார்கள். குறைத்த சோடியத்துக்குப் பதில் அதில் போடுவது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. கீரையிலுள்ள பொட்டாசியத்தை உடம்பு முழுசாக உறிஞ்சுவதில்லை, உப்பாகக் கரைந்து வருவதைக் கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சிவிடும். கீரையை விட்டுவிட்டு இந்த உப்பைப் போட்டுச் சமைக்கும் வீடு, வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

யாருக்கு எது

பொட்டாசியம் 5க்குள் நிலையாக இருக்கிறவர், ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறவர், பழையபடியே கீரை சாப்பிடலாம். சூப்பையும் பொடியையும் மட்டும் விட்டுவிடுங்கள். 5க்கும் 5.5க்கும் நடுவில் ஊசலாடுகிறவருக்கு, அதாவது என் அப்பா மாதிரி ஆட்களுக்கு, வாரம் இரண்டு நாள் வடித்த கீரை, ஒரு சின்னக் கிண்ணம், பருப்பில்லாமல். அதோடு வெந்தயக்கீரையோ கோஸோ பிடித்தால் அதையும் வடித்தே செய்யுங்கள், இரண்டு வழியின் லாபமும் சேரும். 5.5க்கு மேல் போனால் முதலில் டாக்டர், கீரையெல்லாம் அப்புறம். எண் இறங்கிய பிறகு வடித்த கீரையிலிருந்து திரும்ப ஆரம்பிக்கலாம்.

ரத்த டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குக் கிழமையும் ஒரு கணக்கு. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே வரும் நீண்ட இடைவெளியில், பல இடங்களில் அது ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி வரும், பொட்டாசியம் ஏறிக்கொண்டே இருக்கும். கல்யாண விருந்தும் அன்றைக்குத்தான் வரும். அந்த நாட்களில் கீரை வேண்டாம். வயிற்றின் வழியாக வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்களில் சிலருக்கு நேர்மாறாகப் பொட்டாசியம் குறைந்துபோவதும் உண்டு, அவர்களை டாக்டரே கீரை சாப்பிடச் சொல்வார். பக்கத்துப் படுக்கைக்காரரைப் பார்த்துத் தன் உணவை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

எங்கள் வீட்டில் இப்போது புதனும் சனியும் கீரை. போன மாதம் அப்பாவுக்கு 4.9. கீரைக்கார அக்காவுக்கு விஷயம் தெரியும், முற்றாத சிறுகீரையாக ஒரு கட்டு எடுத்து வைத்துவிடுகிறார். வடித்த தண்ணீரை ஆறவைத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை மதியம் சமையல்கட்டுக்குப் போனால், அம்மா அதில் மிளகைத் தட்டிப் போட்டு ஒரு டம்ளரை ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "எனக்கு டெஸ்ட்டுல 4.2தானே?" என்றார்.